இன்னொரு ஆள் வரட்டும்

சட்டையின் இரண்டாவது பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் ஊசியில் நூல் கோத்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்ததால் நூல் நுழைய மறுத்தது. பேருந்து ஓட்டிய காலத்துச் சீருடைச் சட்டை அது. ஓய்வு பெற்றபின் அப்பா அதைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் அதைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"நான் வாங்கிக் கொடுத்த சட்டை இருக்கேம்மா. பிரிக்கவே இல்ல."

"அதைப் போட்டா அவர் மாதிரியே இருக்காதுடி. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ கிளம்பின மாதிரி இருக்கும்."

அம்மா சொன்னது சரிதான். ஆஸ்பத்திரியிலிருந்து விடியற்காலையில் கொண்டுவந்து முன்னறைக் கட்டிலில் படுக்க வைத்ததிலிருந்து, அப்பா ஏற்கெனவே யாரோ மாதிரித்தான் இருந்தார். வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் இருந்த மனுஷன் இல்லை அவர்.

டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் பிரேக். நாய் குறுக்கே வந்தால் எல்லாரும்தான் பிரேக் போடுவார்கள். நாய் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு ஓரமாக நின்றாலே அப்பா பிரேக் போடுவார். பின்னால் நிற்கிற பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அவருடைய பரம்பரையையே திட்டுவார்கள். கண்ணாடியில் அவர்களைப் பார்த்து, "திட்டுறதுக்கு உயிர் இருக்குல்ல, சந்தோஷம்" என்பார். டிப்போவில் தொடங்கிய பெயர் தெருவுக்கு வந்து, வீட்டுக்குள் நுழைந்து, கடைசியில் பிரார்த்தனை மண்டபத்தில் பிரேக் தாத்தாவாக முடிந்தது.

மண்டபத்துக்கும் அப்பாவுக்கும் பெரிய சம்பந்தம் எதுவும் இருக்கவில்லை. பக்தியெல்லாம் அம்மாவின் இலாகா. பாட்டு என்று அவர் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். அவர் உள்ளே போனதே பக்கத்து ஊர் விவகாரம் வெளியே வந்தபிறகுதான்.

அந்த ஊர் மண்டபத்தில் எல்லாரும் காலில் விழுந்து கும்பிட்ட ஒருவர், தன்னிடம் பாடம் படிக்க வந்த குழந்தைகளிடம் வருஷக்கணக்காக நடந்துகொண்டது என்ன என்று பத்திரிகையில் வந்தது. வாசித்தவர்கள் பாதியில் மடித்து வைத்தார்கள். அதன்பிறகு எல்லா மண்டபங்களுக்கும் விதிகள் வந்தன. குழந்தைகள் இருக்கும் இடத்தில் பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். எந்தக் குழந்தையையும் ஒரு பெரியவர் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. விளக்கிச் சொல்ல வந்த குழந்தைகள் நலப் பெண் அலுவலரை, தங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசியவளைப் பார்ப்பதுபோல எல்லாரும் பார்த்தார்கள்.

"அப்போ நாங்க எல்லாரும் அயோக்கியனுங்களா?" என்று ஒருவர் எழுந்து கேட்டுவிட்டார்.

அம்மாவைக் கூட்டிப்போக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா, "ஏங்க, டிப்போவுல தினம் காலைல பிரேக்கைச் சோதிச்சுட்டுத்தான் வண்டியை வெளிய விடுவாங்க. நான் ஒரு நாள்கூட அதுக்குக் கோவிச்சுக்கிட்டதில்ல" என்றார். கூட்டம் சிரித்தது, முணுமுணுத்தது, கலைந்தது. யாருக்கும் மனசு மாறியதாகத் தெரியவில்லை. ஆனால் சிறுவர் வகுப்புக்கு இரண்டாவது பெரியவராக உட்கார யாரும் முன்வராதபோது, சும்மா இருந்த வாயைத் திறந்த குற்றத்துக்காக அப்பாவைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அவரும் வாராவாரம் போய்ப் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊருக்குள் மண்டபத்துக்காரர் என்றாலே ஒரு மாதிரியாகப் பார்த்த காலம் அது. "எந்த மண்டபம்? அந்த மண்டபமா?" என்று டீக்கடைக்காரர் அவரிடமும் கேட்டிருக்கிறார். "இது வேற. ஆனா நீங்க கேட்டது நல்லது" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

பொத்தானைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தபோது, மண்டபத்துப் பெரியவர் உள்ளே வந்தார். எல்லாருக்கும் அவர் ஐயா. அப்பாவுக்கு மட்டும் சதுரங்கக் கூட்டாளி. அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மனசு ஆறலம்மா" என்றார். "யாரைக் கொண்டு போயிருக்கு பாருங்க இந்த ரெண்டு பேர் விதி. அவரை யாராவது சந்தேகப்படுவாங்களா? சொந்த மண்டபத்துக்கு வெளிய, திருடன் மாதிரி மழையில நின்னிருக்கார்."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு குழந்தை விழுந்து அழுதா தோள்ல தட்டிக் கொடுக்க முடியல. சுத்திமுத்திப் பாக்க வேண்டியிருக்கு. எதுக்கு இந்தப் பொழப்பு? வண்டி வர்றதுக்கு முன்னாடி வெளிய நான் ரெண்டு வார்த்தை பேசுவேன். அப்பவே சொல்லிடலாம்னு இருக்கேன். இனிமே நம்ம மண்டபத்துல இந்த ரெண்டு பேர் விதியெல்லாம் வேண்டாம். வெளிய கேட்டா கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். அவர் நினைவா அதைச் செய்வோம். குடும்பத்துச் சம்மதம்னு நான் சொல்லலாமா?"

அம்மா தலையாட்டினாள். ஐயா சொல்லி அவள் எதற்குத் தலையாட்டாமல் இருந்திருக்கிறாள்? அவர் மகளைப் பார்த்தார்.

"சொல்லுங்கய்யா" என்றாள் அவள். சொல்லும்போது நெஞ்சில் ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது. இத்தனை நாளாக யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அலைந்த கோபத்துக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

அந்தச் சாயங்காலம் நடந்தது இவ்வளவுதான் என்று குடும்பத்துக்குத் தெரியும். வகுப்பு முடிந்து குழந்தைகள் போய்க்கொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு அவள் குழந்தை மாடிப்படியில் விழுந்துவிட்டதாகப் போன் வந்தது. "நீ ஓடும்மா, ஒரு புள்ளதான் பாக்கி, நான் பாத்துக்கிறேன்" என்று அப்பா அனுப்பிவிட்டார். தன் குடையை இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். மிஞ்சியது வாலு. எட்டு வயசு. அந்தப் பெயரும் அப்பா வைத்ததுதான். வாலுவின் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராததால் கிளம்ப முடியவில்லை. மழை வலுத்தது. மண்டபத்தின் முன்கூரையைப் பழுதுபார்க்க என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். அப்பா வாலுவை விளக்குக்குக் கீழே உட்கார வைத்து, கதவை அகலத் திறந்து வைத்து, தான் வெளியே ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். தெருவில் போகிற யாரும் இருவரையும் பார்க்கலாம். அங்கிருந்து அம்மாவுக்குப் போன் செய்து வரச் சொன்னார். "இந்த மழையில என் முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்க வர்றது? பேசாம உள்ள போய் உக்காருங்க. உங்களை யார் என்ன சொல்லப் போறாங்க?" என்றாள் அம்மா. அந்த வார்த்தை இப்போது அவளை அரித்துக்கொண்டிருந்தது.

முதலில் சளி, பிறகு காய்ச்சல், பிறகு நெஞ்சு. டாக்டர் மழையைக் குறை சொல்லவில்லை. பல வருஷம் புகையும் தூசியும் தின்ற நுரையீரல் என்றார். டாக்டர் சொன்னால் ஆயிற்றா? வீட்டில் எல்லாரும் மழையைத்தான் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் அப்பாவிடம் சண்டையே போட்டிருக்கிறாள்.

"உள்ள போய் நின்னா என்னப்பா? உங்களை யாருப்பா தப்பா நினைக்கப் போறாங்க?"

அப்பா ஆக்சிஜன் முகமூடியை ஒரு கையால் தூக்கினார். "யாரும் நினைக்க மாட்டாங்கடா. அதான் பிரச்சினையே."

"அப்படின்னா?"

"பக்கத்து ஊர்லயும் அந்த ஆளை யாரும் நினைக்கலையே."

நர்ஸ் வந்து முகமூடியை அழுத்தி வைத்துவிட்டுத் திட்டினாள். அப்பா மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்போது அந்தப் பதிலை அவள் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. வீம்பு பிடித்த கிழவர் என்றுதான் நினைத்தாள்.

சட்டையை அப்பாவுக்குப் போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். அங்கே வாலுவின் அம்மா வந்தவர்கள் குடித்த டீக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே காலையிலிருந்து கழுவுகிறாள். வாலு துடைத்துத் துடைத்து அடுக்கினாள்.

"என்னாலதாங்க" என்றாள் வாலுவின் அம்மா, திரும்பாமலே. "நான் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா..."

"ஆள் வராம நீங்க வார்டை விட்டுட்டு வர முடியுமா?" என்றாள் அவள். சொல்லவேண்டுமே என்று சொன்னது. மனசிலிருந்து வரவில்லை. பிறகு வெறுமனே நிற்கச் சங்கடமாக இருந்ததால் குழந்தையிடம், "பயந்துட்டியா அன்னிக்கு?" என்று கேட்டாள்.

"இல்லயே" என்றாள் வாலு. "தாத்தா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டான்ஸ் ஆடினாரு. அசிங்கமா ஆடினாரு. நான் சிரிச்சு சிரிச்சு நாற்காலியிலேர்ந்து விழுந்துட்டேன்."

அவளுக்கு அப்பா ஆடுவது அப்படியே கண்ணில் தெரிந்தது. இடுப்பை ஒரு பக்கமும் கழுத்தை ஒரு பக்கமும் வெட்டி வெட்டி ஆடுகிற ஆட்டம். அவளுடைய கல்யாணத்தில் அதை ஆடக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"உள்ள வாங்க தாத்தான்னு கூப்பிட்டேன். இன்னொரு ஆள் வரட்டும், வந்ததும் வர்றேன்னு சொன்னாரு. அப்புறம் ஐயா வந்தாங்க. அப்பவும் அவரு உள்ள வரல."

"ஐயாவா?"

"கார்ல. என்னை வீட்டுல விடுறேன்னு சொன்னாங்க. தாத்தா வேணாம்னுட்டாரு. நீங்க இறங்கி வாங்கய்யா, மூணு பேரும் உள்ள உக்காந்துக்கலாம், அவங்கம்மா வந்துடுவாங்கன்னாரு. ஐயாவுக்குக் கோவம் வந்துடுச்சு. என்னையே சந்தேகப்படுறியான்னு கத்திட்டு காரை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

வாலுவின் அம்மா குழாயை மூடினாள். அவளுக்கும் இது புதுச் செய்தி. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன்டா இதை அம்மாகிட்ட சொல்லல?"

"நீ கேக்கலயே."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆக, இன்னொரு ஆள் வந்திருக்கிறார். கார் கதவைத் திறந்து இறங்கி நாலு எட்டு நடந்திருந்தால் போதும். அப்பா துணியைப் பிழிந்துகொண்டு உள்ளே உட்கார்ந்து, சதுரங்கத்தில் தான் ஜெயித்த கதையை ஆரம்பித்திருப்பார். இறங்கவிடாமல் ஐயாவை ரோஷம் தடுத்துவிட்டது. இன்று வீங்கிய முகத்தோடு வந்து விதியைத் திட்டுகிறார். விதி கொன்றது என்று ஊர் ஒத்துக்கொண்டால், அவர் ராத்திரியில் தூங்கலாம்.

ஐயா கெட்டவர் என்று அவளுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. சின்ன வயசில் அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அவர். அப்பாவுக்கும் தோன்றியிருக்காது. அப்பா அன்று கண்டது ஒரு கார், ஒரு குழந்தை, ஒரே ஒரு பெரியவர். தன்னை எந்தக் கணக்கில் மழைக்குத் தள்ளினாரோ, அதே கணக்கில்தான் கூட்டாளியைக் காரோடு திருப்பி அனுப்பினார். நல்லவர் யார், கெட்டவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்திருந்தால் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் தப்பித்திருப்பார்களே. ஆஸ்பத்திரியில் முகமூடியைத் தூக்கி அவர் சொன்னது இப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. கூடவே காலையில் தான் சொன்ன "சொல்லுங்கய்யா"வும் ஞாபகம் வந்தது.

வாசலில் ஐயாவின் குரல் கேட்டது. பேச ஆரம்பித்துவிட்டார்.

அவள் வெளியே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தபோது நாற்காலிகள் நிறைந்து, தெருவில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஐயா நன்றாகப் பேசினார். அப்பாவின் பிரேக் கதைகளைச் சொல்லி அழுத கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். "சதுரங்கத்துல ஒரு நாள்கூட என்னை ஜெயிக்க விட்டதில்ல. நான் அழுதா மட்டும் பாவம்னு ஒரு ஆட்டம் விட்டுக் கொடுப்பான்" என்றபோது அவர் குரல் உடைந்தது. அந்த அன்பில் கலப்படம் இல்லை. அதனாலேயே அவளுக்கு எழுந்து நிற்பது கஷ்டமாக இருந்தது.

"அப்படிப்பட்ட மனுஷனை மழையில நிறுத்திச்சே ஒரு விதி. குடும்பத்துல கேட்டுட்டேன். அவங்க சம்மதத்தோட இன்னிக்கு ஒரு முடிவை..."

"ஐயா, ஒரு நிமிஷம்."

கூட்டம் திரும்பியது. அம்மா அவளுடைய புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"காலைல நான் சரின்னு சொன்னேன். தப்பு. வேண்டாங்கய்யா. அந்த விதி இருக்கட்டும்."

"ஏம்மா," என்றார் கூட்டத்தில் ஒருவர், "அதுக்காக ஒரு மனுஷன் மழையில நின்னு சாகணுமா?"

"சாக வேண்டாம்" என்றாள் அவள். தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "நான் பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குறேன். எங்க டாக்டர் தங்கமான மனுஷன். ஆனா நான் பக்கத்துல நிக்காம ஒரு சின்னப் புள்ளைக்கு ஊசி போட மாட்டார். யாரும் அதை அவமானம்னு நினைக்கல. அன்னிக்கு எங்கப்பாவுக்கு விதி அதிகமாகலங்க. ஒரு ஆள் குறைஞ்சுது. அவ்வளவுதான். எங்கம்மா போயிருக்கலாம். நான் போயிருக்கலாம். யாராவது ஒருத்தர் வந்து உக்காந்திருந்தா போதும்."

அவள் ஐயாவைப் பார்த்தாள். கார் என்ற வார்த்தை நுனிநாக்கில் நின்றது. சொன்னால் இந்தத் தெருவே அவரைத் திரும்பிப் பார்க்கும். நாளைக்கு டீக்கடையில் கதை வேறு விதமாக வளரும், செய்யாத பாவமெல்லாம் அவர் தலையில் ஏறும். அப்பா தன் கூட்டாளியை அப்படி விட்டுவிட்டுப் போகமாட்டார். அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள்.

அவளுக்குக் கார் விஷயம் தெரியும் என்று ஐயாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் தோளுக்குப் பின்னால் வாசற்படியில் நின்ற வாலுவைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார். எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"சரி, பிரார்த்தனை செய்வோம்" என்றார், மெதுவாக. முடிவைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. பிரார்த்தனையின் வரிகளில் இரண்டு இடங்களில் தடுமாறினார்.

அம்மா அவளோடு பேசவில்லை. ஐயாவைப் பத்துப் பேர் நடுவில் மறுத்துப் பேசியதை அம்மா சுலபத்தில் மன்னிக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அப்பா இருந்தால் நடுவில் புகுந்து ஏதாவது உளறி இருவரையும் சிரிக்க வைத்திருப்பார். இனி அவர்களாகத்தான் சமாளிக்க வேண்டும்.

வண்டி வந்து நின்றது. கடைசியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம் என்று யாரோ சொன்னார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் வெளியே வந்தார்கள். எல்லாரும் வந்தபின் வாலு மட்டும் உள்ளே இருந்தாள். கட்டில் விளிம்பில் முழங்கையை ஊன்றி, அப்பாவின் சட்டைப் பொத்தானை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தெருவில் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படி ஏறினார். கூட்டாளியோடு தனியாக ஒரு நிமிஷம் இருக்க நினைத்திருக்க வேண்டும். ஒரு கால் உள்ளே போய்விட்டது. வாலுவைப் பார்த்தார். அந்தக் கால் திரும்ப வெளியே வந்தது.

நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முதுகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. முகத்தில் வெட்கமா, கோபமா, வருத்தமா என்று அவளால் பார்க்க முடியவில்லை. பார்த்து ஆக வேண்டியதும் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

"யாராவது ஒருத்தர் வாங்களேன்" என்றார் ஐயா, திரும்பாமலே, தெருவுக்குக் கேட்கும்படி.

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்ன கேட்கிறார் என்று பலருக்கு விளங்கவில்லை. மகள் எழுந்திருக்கப் போனாள். அதற்குள் அம்மா நாற்காலியின் கையை ஊன்றி எழுந்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் வர்றேங்கய்யா" என்றாள்.

அம்மா வந்து சேரும்வரை ஐயா படியிலேயே நின்றார். பிறகு இருவரும் உள்ளே போனார்கள். வண்டிக்காரர் அவளிடம் வந்து, "கிளம்பலாமாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று அவள் கை காட்டினாள். அகலத் திறந்திருந்த கதவு வழியாக, தாத்தாவோடு சதுரங்கம் ஆடி நீங்கள் எத்தனை தடவை தோற்றிருக்கிறீர்கள் என்று வாலு கேட்பதும், ஐயா யோசித்து யோசித்துப் பதில் சொல்வதும் தெருவரைக்கும் கேட்டது.